முதலீடு திரட்டும்போது நிறுவனரின் பங்கு எப்படிக் குறைகிறது? கணக்கோடு ஒரு முழுமையான வழிகாட்டி

2007இல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சச்சின் பன்சால். 2018 மே மாதம் வால்மார்ட் அந்த நிறுவனத்தின் 77 சதவீதத்தை 1,600 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டபோது அவர் கையில் இருந்தது ஏறத்தாழ 5.5 சதவீதம். 2021 ஜூலையில் ஜொமாட்டோ பங்குச் சந்தைக்கு வந்தபோதும், பங்கு வெளியீட்டுக்கு முன்பு அதன் நிறுவனர் தீபிந்தர் கோயலிடம் இருந்தது கிட்டத்தட்ட அதே அளவுதான். இருவருமே வென்றவர்கள். ஆனால், வென்ற நிறுவனத்திலும் தொடங்கியவரின் பங்கு இவ்வளவு சுருங்கும் என்பதை முதல் முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

பங்கு குறைவதை ஆங்கிலத்தில் டைல்யூஷன் என்கிறார்கள். தமிழில் நீர்த்தல் என்று சொல்லலாம். பாலில் தண்ணீர் சேர்த்தால் பாலின் அளவு அப்படியே இருக்க, அடர்த்தி மட்டும் குறைவதைப் போல, நிறுவனர் கையிலுள்ள பங்குகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்க, மொத்தப் பங்குகள் பெருகுவதால் அவருடைய விகிதம் குறைகிறது. இந்த ஒப்புமை ஓர் இடத்தில் பொருந்தாது: இங்கே புதிதாகச் சேர்வது பணம் என்பதால், பாத்திரத்தில் உள்ளதன் மதிப்பு கூடுகிறது. ஆகவே நீர்த்தலே இழப்பாகிவிடாது. தெரியாமல் நீர்ப்பதுதான் இழப்பு. அது பெரும்பாலும் தலைப்பில் எழுதியிருக்கும் மதிப்பீட்டில் நிகழ்வதில்லை. ஒப்பந்தத்தின் உள்பக்கங்களில் உள்ள மூன்று நான்கு விதிகளில் நிகழ்கிறது. அந்த விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஒரே எடுத்துக்காட்டை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ந்து, கணக்கிட்டுக் காட்டுவதே இந்த வழிகாட்டியின் வேலை. சட்ட விவரங்கள் இந்தியாவில் பதிவான பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கு உரியவை.

படி 1: சதவீதத்தை விட்டுவிட்டுப் பங்குகளை எண்ணுங்கள்

இருவர் சேர்ந்து நிறுவனம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் முகமதிப்புள்ள 7,00,000 பங்குகளில் மூத்த நிறுவனர் 4,20,000 பங்குகளும் இளைய நிறுவனர் 2,80,000 பங்குகளும் எடுத்துக்கொள்கிறார்கள், அதாவது 60:40. இந்த இரண்டு எண்களும் கடைசிவரை மாறப்போவதில்லை. மாறப்போவது வகுக்கும் எண் மட்டுமே.

ஒரு விரிதாளைத் திறந்து, யாரிடம் எத்தனை பங்குகள் உள்ளன என்ற பட்டியலைப் போட்டுக்கொள்ளுங்கள்; இதைத்தான் கேப் டேபிள் என்கிறார்கள். அதில் இன்று பங்காக இருப்பவற்றோடு நின்றுவிடக் கூடாது. பின்னால் பங்காக மாறக்கூடிய ஊழியர் பங்கு விருப்பங்கள் (ஈசாப், அதாவது குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்க ஊழியருக்குத் தரும் உரிமை), மாற்றத்தக்க கடன் பத்திரங்கள், ஓர் ஆலோசகருக்கு மின்னஞ்சலில் வாக்களித்த ஒரு சதவீதம் ஆகிய அனைத்தையும் பங்காக மாறிவிட்டதாகவே கொண்டு கூட்ட வேண்டும். முழுமையாக நீர்த்த நிலை என்பது இந்த மொத்தத்தைக் குறிக்கும். முதலீட்டாளர் பேசும் சதவீதம் எப்போதும் இந்த மொத்தத்தின் மீதுதான். நிறுவனரோ வெளியிடப்பட்ட பங்குகளை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுவார். இருவரும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு வெவ்வேறு பொருளில் உடன்படுவது இப்படித்தான்.

படி 2: சொல்லப்படும் மதிப்பு பணம் வருவதற்கு முந்தியதா பிந்தியதா என்று கேளுங்கள்

‘எட்டுக் கோடி மதிப்பீட்டில் இரண்டு கோடி தருகிறோம்’ என்று முதலீட்டாளர் சொன்னால், அந்த வாக்கியத்தில் இரண்டு பொருள் உண்டு. எட்டுக் கோடி என்பது பணம் வருவதற்கு முந்தைய மதிப்பானால் (ப்ரீ-மணி), பணம் வந்த பிறகு நிறுவனம் பத்துக் கோடி. முதலீட்டாளருக்கு 20 சதவீதம். எட்டுக் கோடி என்பது பணம் வந்த பிந்தைய மதிப்பானால் (போஸ்ட்-மணி), அவருக்கு 25 சதவீதம். சொல்லாமல் விட்ட ஒரே சொல்லுக்கு ஐந்து சதவீதம் விலை. சூத்திரம் எளிது: போடும் பணத்தைப் பிந்தைய மதிப்பால் வகுத்தால் முதலீட்டாளரின் பங்கு கிடைக்கும்.

இங்கே மனத்தில் இருத்த வேண்டிய ஓர் உண்மை உண்டு. முந்தைய மதிப்பு எட்டுக் கோடி என்றால், பணம் வருவதற்கு முன் நிறுவனர்களிடம் இருந்தது எட்டுக் கோடியின் 100 சதவீதம். வந்த பின் இருப்பது பத்துக் கோடியின் 80 சதவீதம். இரண்டும் எட்டுக் கோடிதான். நியாயமான விலையில் புதிய பங்கு வெளியிடும்போது சதவீதம் குறைந்தாலும் மதிப்பு குறைவதில்லை. 20 சதவீதத்தை விட்டுக்கொடுப்பவர், அந்தப் பணம் நிறுவனத்தின் மதிப்பை 1.25 மடங்குக்கு மேல் உயர்த்துமா என்று கேட்டுக்கொண்டால் போதும். மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பவருக்கு அந்த எண் 1.5 மடங்கு. அந்த அளவுக்குப் பணத்தைப் பயன்படுத்தும் வழி தெரியாத நிலையில் திரட்டாமல் இருப்பதே மேல். சென்னையில் வளர்ந்த ஜோஹோ வென்ச்சர் முதலீடு வாங்காமலேயே உலகெங்கும் வாடிக்கையாளர்களைக் கொண்ட நிறுவனமானது. அந்த வழியும் நம் கண்முன் இருக்கிறது.

படி 3: ஊழியர் பங்குத் தொகுப்பு யார் கணக்கில் கழிகிறது என்று பாருங்கள்

ஊழியர்களுக்குத் தருவதற்கென ஒதுக்கிவைக்கும் பங்குகளே இந்தத் தொகுப்பு. நான் பார்த்தவரையில் நிறுவனர்கள் மிக எளிதாகக் கோட்டைவிடும் இடம் இது என்பதால் சற்று நின்று பேசுகிறேன். முதலீட்டின் முக்கிய நிபந்தனைகளைச் சுருக்கிச் சொல்லும் டெர்ம் ஷீட்டில் ‘முந்தைய மதிப்பு எட்டுக் கோடி; பிந்தைய நிலையில் 10 சதவீதம் ஒதுக்கப்படாத ஈசாப் தொகுப்பையும் இது உள்ளடக்கும்’ என்று ஒரு வரி இருக்கும். படிக்கும்போது அது ஊழியர் நலன் பற்றிய வரியாகத் தெரியும். உண்மையில் அது விலையைக் குறைக்கும் வரி.

கணக்கைப் பாருங்கள். முதலீடு முடிந்த பின் முதலீட்டாளருக்கு 20, தொகுப்புக்கு 10, ஆக நிறுவனர்களுக்கு மிஞ்சுவது 70 சதவீதம். அவர்களுடைய 7,00,000 பங்குகள் 70 சதவீதமானால் மொத்தப் பங்குகள் 10,00,000. தொகுப்பு 1,00,000, முதலீட்டாளருக்கு 2,00,000, ஒரு பங்கின் விலை 100 ரூபாய். நிறுவனர்களின் பங்குகளுக்கு இந்த விலையில் கிடைத்த மதிப்பு ஏழு கோடி. எட்டுக் கோடி என்று பேசிய மதிப்பில் ஒரு கோடி, இன்னும் வேலைக்கே சேராத ஊழியர்களின் பெயரில் நிறுவனர்களிடமிருந்து மட்டும் கழிக்கப்பட்டுவிட்டது. தொகுப்பே இல்லாதிருந்தால் விலை ஏறத்தாழ 114.29 ரூபாயாக இருந்திருக்கும். முதலீடு வந்த பிறகு அதே 10 சதவீதத் தொகுப்பை உருவாக்கினால் சுமை எல்லோர்மீதும் விழும்: நிறுவனர்கள் 72, முதலீட்டாளர் 18, தொகுப்பு 10.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. நிறுவனம் நாளை விற்கப்படும்போது யாருக்கும் கொடுக்கப்படாமல் கிடக்கும் தொகுப்பு மறைந்துவிடும். அந்த லாபம் முதலீட்டாளர் உட்பட எல்லோருக்கும் பகிர்ந்து சேரும். செலவைச் சுமந்தது நிறுவனர்கள் மட்டும், மிச்சத்தைப் பெறுவது அனைவரும். ஆகவே, பத்து சதவீதம் வழக்கம் என்ற பேச்சை ஏற்றுக்கொள்ளாமல், அடுத்த பதினெட்டு மாதங்களில் யார் யாரை, எந்தப் பொறுப்பில், எத்தனை பங்குகளுக்கு வேலைக்கு எடுக்கப் போகிறீர்கள் என்ற பட்டியலைத் தயாரித்து மேசைமேல் வையுங்கள். அந்தப் பட்டியலுக்கு ஆறு சதவீதம் போதும் என்று காட்ட முடிந்தால், நிறுவனர்களுக்கு 70க்குப் பதில் 74 சதவீதம் மிஞ்சும். மதிப்பீட்டை உயர்த்தச் சொல்லி வாதாடுவதைவிட இந்த வாதம் எளிது, ஏனென்றால் இதற்கு ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

படி 4: கடனாகத் தோன்றும் பங்குகளைக் கணக்கில் சேருங்கள்

விலை பேசி முதலீடு திரட்டும் முறையான சுற்றுக்கு முன்பே பலர் கன்வெர்ட்டிபிள் நோட், அதாவது பின்னால் பங்காக மாறக்கூடிய கடன் பத்திரம், மூலம் பணம் வாங்குகிறார்கள். அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்கள் இதை வெளியிடலாம். ஒருவரிடமிருந்து ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் ரூபாய் வாங்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்குள் திருப்பித் தரவோ பங்காக மாற்றவோ வேண்டும். அமெரிக்காவில் ஒய் காம்பினேட்டர் 2013இல் அறிமுகப்படுத்திய சேஃப் என்ற பத்திரத்தைத் தழுவி, 100எக்ஸ்.விசி நிறுவனம் 2019இல் ஐசேஃப் என்ற வடிவத்தை இங்கே கொண்டுவந்தது. சட்டப்படி அது கட்டாயமாகப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு (அந்த முன்னுரிமை என்ன என்பதைப் படி 8இல் பார்ப்போம்).

இவற்றில் இன்று விலை பேசப்படுவதில்லை. மாறும்போது கொள்ளப்படும் உச்சவரம்பு மதிப்பு மட்டும் எழுதப்படும். அதனால் கையெழுத்திடும் நாளில் எதையும் விட்டுக்கொடுத்ததாகத் தோன்றாது. மூன்று பேரிடம் இப்படி வாங்கியதாக வைத்துக்கொள்வோம்: ஐந்து கோடி வரம்பில் 25 லட்சம், எட்டுக் கோடி வரம்பில் 40 லட்சம், பத்துக் கோடி வரம்பில் 50 லட்சம். வரம்பு பிந்தைய மதிப்பாக எழுதப்பட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஐந்து சதவீதம். ஒரு கோடியே 15 லட்சத்துக்கு 15 சதவீதம் போய்விட்டது. அதுவும் அடுத்த முதலீட்டாளரின் பங்கு கழிவதற்கு முன்பே. படி 3இல் 70 சதவீதத்தோடு வெளியே வந்த நிறுவனர்கள், இந்த மூன்று பத்திரங்களும் இருந்திருந்தால் 85இல் 70 சதவீதமாகிய 59.5 சதவீதத்தோடு வெளியே வந்திருப்பார்கள். பத்திரங்களைச் சிறிது சிறிதாக, மாதங்கள் இடைவெளியில் வாங்குவதால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றையும் வாங்கிய அன்றே விரிதாளில் பங்காக மாற்றி எழுதிவிடுங்கள். கீழே தொடரும் கணக்கில், பத்திரங்கள் ஏதும் இல்லாத 70 சதவீத நிலையையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 5: அடுத்த இரண்டு சுற்றுகளை இன்றே கணக்கிடுங்கள்

சுற்றுகளைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 30 சதவீதமும் 25 சதவீதமும் நீர்த்தால் மிஞ்சுவது 45 அன்று, 0.7ஐ 0.75ஆல் பெருக்க வரும் 52.5.

ஒன்றரை ஆண்டு கழித்துச் சீரிஸ் ஏ எனப்படும் அடுத்த முதலீட்டுச் சுற்று வருகிறது. முந்தைய மதிப்பு 45 கோடி, முதலீடு 15 கோடி, பிந்தைய மதிப்பு 60 கோடி. புதிய முதலீட்டாளருக்கு 25 சதவீதம். இதற்குள் தொகுப்பிலிருந்து 75,000 பங்குகள் ஊழியர்களுக்கு ஒதுக்கப்பட்டு 25,000 மிச்சம் இருக்கின்றன. ஒதுக்கப்படாத தொகுப்பு மீண்டும் பத்து சதவீதமாக இருக்க வேண்டும் என்று புதியவர் கேட்கிறார். அப்படியானால் நிறுவனர்களின் 7,00,000, முதல் முதலீட்டாளரின் 2,00,000, ஊழியர்களின் 75,000 ஆகிய மூன்றும் சேர்ந்து 65 சதவீதமாக வேண்டும். மொத்தம் 15,00,000 பங்குகள். புதியவருக்கு 3,75,000 பங்குகள், விலை 400 ரூபாய். நிறுவனர்கள் 46.67 சதவீதத்துக்கு வருகிறார்கள். புதியவர் எடுத்தது 25 சதவீதமே என்றாலும், தொகுப்பை நிரப்பியதால் நிறுவனர்கள் நீர்த்தது மூன்றில் ஒரு பங்கு.

சீரிஸ் பி சுற்றில் முந்தைய மதிப்பு 240 கோடி, முதலீடு 60 கோடி. புதியவருக்கு 20 சதவீதம். தொகுப்புக்குக் கூடுதலாக ஐந்து சதவீதம். மொத்தம் 20,00,000 பங்குகள், விலை 1,500 ரூபாய். இப்போது பட்டியல் இப்படி இருக்கும்:

மூத்த நிறுவனர்: 4,20,000 பங்குகள், 21 சதவீதம்
இளைய நிறுவனர்: 2,80,000 பங்குகள், 14 சதவீதம்
முதல் முதலீட்டாளர்: 2,00,000 பங்குகள், 10 சதவீதம்
சீரிஸ் ஏ முதலீட்டாளர்: 3,75,000 பங்குகள், 18.75 சதவீதம்
சீரிஸ் பி முதலீட்டாளர்: 4,00,000 பங்குகள், 20 சதவீதம்
ஊழியர் தொகுப்பு: 3,25,000 பங்குகள், 16.25 சதவீதம்

மூத்த நிறுவனரின் பங்கு 42, 28, 21 என்று இறங்க, அவற்றின் மதிப்பு 4.2 கோடி, 16.8 கோடி, 63 கோடி என்று ஏறியிருக்கிறது. இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குத்தான் முடிவெடுக்கும் தெளிவு வரும்.

இந்தச் சுற்றுகளில் இன்னொரு கேள்வியும் எழும். முதல் முதலீட்டாளருக்குத் தன் 20 சதவீதத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை, அதாவது ப்ரோ ரேட்டா உரிமை, பெரும்பாலும் இருக்கும். சீரிஸ் ஏ சுற்றில் அதைப் பயன்படுத்த அவர் மேலும் 1,00,000 பங்குகளை நான்கு கோடிக்கு வாங்க வேண்டும். அந்த நான்கு கோடி 15 கோடிக்குள் அடங்கினால் நிறுவனர்களுக்கு மாற்றமில்லை. 15 கோடிக்கு மேல் தனியாக வந்தால் நிறுவனர்கள் மேலும் நீர்ப்பார்கள். சுற்றின் மொத்த அளவை எழுதும்போதே இதைத் தெளிவாக்கிவிடுங்கள்.

படி 6: உடைமையையும் வாக்கையும் தனித்தனியே எண்ணுங்கள்

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். சிறப்புத் தீர்மானத்துக்கு, எதிர்ப்பு வாக்குகளைப்போல் குறைந்தது மூன்று மடங்கு ஆதரவு வாக்குகள் வேண்டும். நிறுவனத்தின் உள்விதிகளான சங்கவிதிகளைத் திருத்துவது, தனிப்பட்ட முறையில் புதிய பங்குகளை வெளியிடுவது முதலியவற்றுக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. ஆகவே நிறுவனரின் பயணத்தில் கவனிக்க வேண்டிய இரண்டு மைல்கற்கள் 50 சதவீதமும் 25 சதவீதமும்: 50க்கு மேல் இருந்தால் சாதாரணத் தீர்மானத்தை நிறைவேற்றலாம், 25க்கு மேல் இருந்தால் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கலாம்.

ஆனால் இவை முழுமையாக நீர்த்த நிலையில் கணக்கிடப்படுவன அல்ல. பங்காக மாறாத ஊழியர் விருப்பங்களுக்கு வாக்கில்லை. சீரிஸ் ஏ முடிந்தபோது நிறுவனர்கள் காகிதத்தில் 46.67 சதவீதம் என்றாலும், வெளியிடப்பட்ட 12,75,000 பங்குகளில் அவர்களுடையது ஏறத்தாழ 54.9 சதவீதம், பெரும்பான்மை அவர்களிடமே இருந்தது. சீரிஸ் பி முடிந்ததும் 16,75,000இல் 41.8 சதவீதம், பெரும்பான்மை கைமாறிவிட்டது. (முன்னுரிமைப் பங்குகள் சாதாரணப் பங்குகளாக மாறியதுபோலவே வாக்களிக்கும் என்று சங்கவிதிகளில் எழுதுவது வழக்கம்; பிரைவேட் நிறுவனங்களுக்கு அதற்கு வழி உண்டு.)

வாக்குகளை மட்டும் எண்ணி நிம்மதியடையவும் முடியாது. பங்குதாரர் ஒப்பந்தத்தில், முதலீட்டாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாதவை என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும்: ஆண்டுத் திட்டம், கடன் வாங்குவது, புதிய பங்கு வெளியீடு, நிறுவனத்தை விற்பது. 80 சதவீதம் வைத்திருக்கும் நிறுவனரையும் அந்தப் பட்டியல் கட்டுப்படுத்தும். இயக்குநர் குழுவில் யாருக்கு எத்தனை இடம் என்பதும் அப்படியே.

வாக்கையும் உடைமையையும் பிரித்துவைக்கும் வழியும் உண்டு. சென்னையில் தொடங்கி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குச் சென்ற மென்பொருள் நிறுவனம் ஃபிரெஷ்வொர்க்ஸ், பங்கொன்றுக்குப் பத்து வாக்குகள் கொண்ட ‘பி’ வகுப்புப் பங்குகளோடு பட்டியலிட்டது. 2012இல் ஃபேஸ்புக் சந்தைக்கு வந்தபோது மார்க் ஜக்கர்பெர்க்கிடம் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்ததற்கும் இந்த அமைப்பும் ஒரு காரணம். இந்தியாவிலும் 2019 முதல், வேறுபட்ட வாக்குரிமை கொண்ட பங்குகளை மொத்த வாக்கில் 74 சதவீதம் வரை வெளியிடச் சட்டம் இடம் தருகிறது. எனினும் தொடக்கநிலை முதலீட்டாளரிடம் இதைக் கேட்டுப் பெறும் வலிமை பெரும்பாலான நிறுவனர்களுக்கு இருக்காது.

படி 7: விலை இறங்கினால் என்ன ஆகும் என்று இப்போதே எழுதிப் பாருங்கள்

சீரிஸ் பிக்குப் பிறகு சந்தை மோசமாகி, 750 ரூபாய் விலையில் 30 கோடி திரட்ட நேர்கிறது என்று கொள்வோம். 4,00,000 புதிய பங்குகள் வெளியாகும். பாதுகாப்பு விதி எதுவும் இல்லாவிட்டால் நிறுவனர்கள் 35இலிருந்து 29.17 சதவீதத்துக்கு வருவார்கள்.

முதலீட்டாளர்கள் பாதுகாப்பில்லாமல் இருப்பதில்லை. பரந்த அடிப்படையிலான எடையிட்ட சராசரி முறை எழுதப்பட்டிருந்தால், 1,500 ரூபாய் கொடுத்தவரின் மாற்றுவிலை (அவருடைய முன்னுரிமைப் பங்கு சாதாரணப் பங்காக மாறும் விலை), புதிய சுற்றின் அளவுக்கேற்பக் குறையும். சுற்றுக்கு முந்தைய 20,00,000 பங்குகளோடு, 30 கோடிக்குப் பழைய விலையில் கிடைத்திருக்கக்கூடிய 2,00,000 பங்குகளைக் கூட்ட 22,00,000. உண்மையில் வெளியான 4,00,000ஐக் கூட்ட 24,00,000. 1,500ஐ இந்த விகிதத்தால் பெருக்கினால் 1,375 ரூபாய். அவருடைய 60 கோடிக்கு இப்போது 4,36,364 பங்குகள். நிறுவனர்கள் 28.73 சதவீதத்துக்கு வருவார்கள். வேறுபாடு அரை சதவீதத்துக்கும் குறைவு.

ஃபுல் ராட்செட் முறை எழுதப்பட்டிருந்தால் அவருடைய விலை நேராக 750க்கு இறங்கும். 4,00,000 பங்குகள் 8,00,000 ஆகும். மொத்தம் 28,00,000, நிறுவனர்கள் சரியாக 25 சதவீதம். ஊழியர் விருப்பங்கள் அனைத்தும் பங்காக மாறிவிட்ட நிலையில் 25 சதவீத எதிர்ப்பால் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்க முடியாது, ஏனெனில் மற்ற 75 சதவீதம் அதற்குச் சரியாக மூன்று மடங்கு. பெரிய நிறுவனங்களும் இத்தகைய விதிக்கு விலை கொடுத்திருக்கின்றன: 2015 நவம்பரில் ஸ்கொயர் என்ற அமெரிக்கப் பணப்பரிமாற்றச் சேவை நிறுவனம் ஒன்பது டாலர் விலையில் சந்தைக்கு வந்தபோது, முந்தைய ஆண்டு 15.46 டாலர் கொடுத்திருந்த முதலீட்டாளர்களுக்கு 18.56 டாலர் மதிப்பை உறுதியளித்திருந்ததால், அவர்களுக்குக் கூடுதல் பங்குகளைத் தர வேண்டியிருந்தது. எடையிட்ட சராசரியை ஏற்கலாம். ஃபுல் ராட்செட்டை மறுத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

படி 8: விற்பனைப் பணம் எந்த வரிசையில் பிரியும் என்று பாருங்கள்

சதவீதம் பணமாகும் இடம் இதுதான். சதவீதம் பொய்யாகும் இடமும் இதுவே. முதலீட்டாளர்கள் இந்தியாவில் பெரும்பாலும் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்குகளையே வாங்குகிறார்கள். நிறுவனம் விற்கப்பட்டால் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவற்றோடு வரும்.

நம் நிறுவனம் மொத்தம் 77 கோடி திரட்டியிருக்கிறது. சீரிஸ் பிக்குப் பிறகு 300 கோடியாக மதிப்பிடப்பட்ட அது, நெருக்கடியில் 100 கோடிக்கு விற்கப்படுகிறது. 1,00,000 ஊழியர் விருப்பங்கள் பங்காக மாறியிருக்கின்றன. முன்னுரிமை ஒரு மடங்கு, அதை எடுத்தவர் மிச்சத்தில் பங்கு கேட்க முடியாது என்பது விதி என்று கொள்வோம். பிந்தைய இருவரும் 60 கோடியும் 15 கோடியும் எடுத்துக்கொள்வார்கள். முதல் முதலீட்டாளர் தன் இரண்டு கோடியை எடுப்பதைவிடச் சாதாரணப் பங்குக்கு மாறுவது லாபம் என்று கண்டு மாறிவிடுவார். மீதி 25 கோடி, 10,00,000 பங்குகளுக்கு, பங்கொன்றுக்கு 250 ரூபாய். மூத்த நிறுவனருக்கு 10.5 கோடி. காகிதத்தில் 21 சதவீதம் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது விற்பனைத் தொகையில் 10.5 சதவீதம்.

முன்னுரிமையை எடுத்துக்கொண்டு மிச்சத்திலும் பங்கு பெறும் விதி, அதாவது பார்ட்டிசிப்பேட்டிங் விதி, இருந்தால் நிலைமை இன்னும் இறங்கும். 77 கோடி முதலில் போய்விடும். மீதி 23 கோடி 17,75,000 பங்குகளுக்குப் பிரியும். மூத்த நிறுவனருக்கு ஏறத்தாழ 5.44 கோடி. ஒரே நிறுவனம், ஒரே விலை, ஒரே சதவீதம். ஒரு சொல் மாறியதால் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆகவே, அதிக மதிப்பீட்டோடு இந்த விதியைச் சேர்த்துத் தருபவரையும், குறைந்த மதிப்பீட்டோடு எளிய ஒரு மடங்கு முன்னுரிமையை மட்டும் கேட்பவரையும் ஒப்பிடும்போது, 50 கோடி, 100 கோடி, 300 கோடி, 1,000 கோடி என்று நான்கு விற்பனை விலைகளுக்காவது கணக்கிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

படி 9: நிறுவனர்களுக்கிடையே உள்ள பங்கைப் பூட்டுங்கள்

இளைய நிறுவனர் எட்டாவது மாதமே விலகிவிட்டால் அவருடைய 2,80,000 பங்குகள் என்ன ஆகும்? எழுத்தில் எதுவும் இல்லையென்றால் அவை அவருடையவை. உழைக்காத ஒருவரிடம் 40 சதவீதம் கிடக்கும் நிறுவனத்தில் முதலீட்டாளர் பணம் போடத் தயங்குவார். போட்டாலும் நீர்த்தலைத் தாங்குவது தங்கி உழைப்பவர்தான். இதற்கு வெஸ்டிங் என்ற ஏற்பாடு உண்டு: நான்கு ஆண்டுகளில் படிப்படியாகப் பங்கு உறுதிப்படும், முதல் ஓராண்டு முடியும் முன் விலகினால் எதுவும் உறுதிப்படாது. முதலீட்டாளர் கேட்கும்வரை காத்திராமல், நட்பு நன்றாக இருக்கும் நாளிலேயே இதை எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. முதலீட்டாளர் பின்னால் வந்து கேட்கும்போது, ஏற்கெனவே உழைத்த ஆண்டுகளைக் கழித்துத் தரச் சொல்லவும் மறக்காதீர்கள்.

இழந்ததில் ஓரளவை மீட்கவும் வழியிருக்கிறது. பொதுவாக நிறுவனத்தின் ப்ரமோட்டர்களுக்கு, அதாவது அதைத் தொடங்கிக் கட்டுப்படுத்துபவர்களுக்கு, ஈசாப் தர முடியாது. ஆனால் அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களில் நிறுவனம் பதிவான நாளிலிருந்து பத்து ஆண்டுகள்வரை இந்தத் தடை இல்லை. பெரிய சுற்றின்போது, அடுத்த இலக்குகளை எட்டினால் கூடுதல் விருப்பங்கள் என்று பேசிப் பெறலாம்.

படி 10: காகிதங்களை உரிய வரிசையில் முடியுங்கள்

புதிய பங்குகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தில் (நிறுவனம் வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச அளவில்) இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதை உயர்த்தி, 30 நாட்களுக்குள் எஸ்ஹெச்-7 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, சிறப்புத் தீர்மானம், பிஏஎஸ்-4 சலுகைக் கடிதம், தனி வங்கிக் கணக்கில் பணம் என்பது அடுத்த வரிசை. பணம் வந்த 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாட்களுக்குள் பிஏஎஸ்-3 தாக்கல் செய்ய வேண்டும். அது தாக்கலாகும்வரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. இந்த விதியை அறியாமல், பணம் வந்த மறுநாளே சம்பளம் போட்டுவிட்டுப் பின்னால் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. முதலீட்டாளர் வெளிநாட்டவரானால், ஒதுக்கிய 30 நாட்களுக்குள் எஃப்சி-ஜிபிஆர் படிவமும் தேவை. விலை நியாய மதிப்புக்குக் கீழே இருக்கக் கூடாது. நியாய மதிப்புக்கு மேல் வாங்கிய முதலீட்டை வருமானமாகக் கருதி 2012 முதல் விதிக்கப்பட்டுவந்த ஏஞ்சல் வரி, 2024 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் நீக்கப்பட்டது பெரிய நிம்மதி.

ஒதுக்கீடு முடிந்த அன்றே உறுப்பினர் பதிவேட்டையும் உங்கள் விரிதாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே உள்ள பங்கு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். விலகிய ஊழியரின் உறுதிப்படாத விருப்பங்களைத் தொகுப்புக்குத் திருப்பி எழுதுங்கள். அடுத்த முதலீட்டாளரின் வழக்கறிஞர் முதலில் கேட்கும் தாள் இந்த விரிதாளாகத்தான் இருக்கும்.